அயல்நாட்டு நிதியும் உள்ளூர்த் தொழிலும்: குற்றாலச் சாரலிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியே உள்ளே நுழையும்போது குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. அருவியில் நீராடித் திரும்புவோர் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவதையும், வீட்டுக்கென்று ஜாதிக்காயும் கிராம்பும் பொட்டலம் கட்டிக்கொள்வதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். குற்றாலத்துக்கே உரியவை என நாம் எண்ணும் இப்பொருள்களுள் ஒன்றேனும் இம்மலையில் தானாக முளைத்ததன்று. யாவும் கடல் கடந்து வந்தவை. 1796-ஆம் ஆண்டில் மொலுக்கஸ் தீவுகளை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அதுவரை டச்சுக்காரர் பிறர் கைக்கு எட்டாமல் காத்துவந்த ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளை நடுவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இடம் தேடியபோது, குற்றாலத்தின் ஈரமும் நிழலும் அவர்கள் கண்ணில் பட்டன. 18-ஆம் நூற்றாண்டு முடிந்து 19-ஆம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் கம்பெனியின் வாசனைப்பொருள் தோட்டங்கள் இங்கு அமைந்தன.

கம்பெனி இலாபத்தை நாடிற்றேயன்றிச் சிற்றாற்றங்கரைக் குடிகளின் வாழ்வை நாடவில்லை. தோட்டங்களும் நாளடைவில் தனியார் வசமாயின. ஆயினும் மரங்கள் நின்றன. அவற்றைப் பேணும் அறிவு இவ்வூர்த் தோட்டக்காரரிடம் தங்கிற்று. அந்நிய முதல் ஒன்று இம்மண்ணுக்குள் வந்து, வந்தவர் போனபின் என்ன மிச்சமாகும் என்ற கேள்வியை நம் பகுதியில் முதன்முதல் எழுப்பியவை இத்தோட்டங்களே எனலாம். கம்பெனியைப்போல் இலாபத்தை நாடாமல், ஏழைகளுக்குத் தொழில் தரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு வந்த அயல்நாட்டுப் பணத்துக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுதாத போதகர் நம் தலைமுறையில் அரியர். அவ்விண்ணப்பங்களால் தொடங்கிய வேலைகள் பத்தாண்டு கழித்து எந்நிலையில் இருக்கின்றன என்பதை எழுதி வைத்தவர் அதனினும் அரியர்.

தென்காசிப் பகுதி சாரல் பெறும் நிலம். சிற்றாறும் அதன் கால்வாய்களும் பாயும் வயல்களில் பெரும்பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் மிராசுதார்களுக்கும் உரியதாயிருந்தது. நெல்லைச் சீமையில் நற்செய்தியை ஏற்றவர்களில் மிகுதியானோரோ கிழக்கிலும் தெற்கிலும் தேரிமணலில் பனையேறிப் பிழைத்தவர்கள். சி.எம்.எஸ். சங்கத்தார் நல்லூரிலும் சுரண்டையிலும் நிலையங்கள் வைத்து மேற்குப் பகுதியில் ஊழியம் செய்தனர் என்பது உண்மையே. எனினும் மிஷன் பணம் திரண்டு விழுந்தது சாரல் விழாத நிலத்தில்தான். ஆகவே தென்காசியில் நின்று இவ்வரலாற்றைப் பார்க்க விரும்புகிற நாம், முதலில் தெற்கே நாகர்கோவிலுக்கும் இடையன்குடிக்கும், பின்பு கிழக்கே நாசரேத்துக்கும் போய்வர வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் வாசிப்பும் கற்பித்ததோடு, 1821-இல் லேஸ் பின்னும் வேலையையும் தொடங்கினார். திண்டு ஒன்றை மடியருகே வைத்து, வரைபடத்தின் புள்ளிகளில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடம் மாற்றி மாற்றிப் பின்னும் நுண்வேலை அது. கண்ணும் விரலும் ஒருங்கே உழைக்கவேண்டும். ஒரு சாண் நீளம் முடிக்க நாள்கள் செல்லும். விற்பனையில் கிடைத்த ஆதாயம் பெண்கள் பள்ளிக்குச் சென்றது. பின்னியவர்களுக்குக் கூலி கிடைத்தது.

அக்கூலியின் பொருளை உணர அக்காலத்துத் திருவிதாங்கூரை நினைவுகூர வேண்டும். 1855-ஆம் ஆண்டுவரை அங்கு அடிமைமுறை சட்டத்தின் காவலோடு நிலவிற்று. லேஸ் பின்னிய பெண்களுள் அடிமைகளாயிருந்த சிலர், தாங்கள் சேர்த்த கூலியை உடையவர் கையில் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டனர். தோள்சீலைக் கலகம் என வழங்கும் போராட்டமும் இதே ஆண்டுகளில் மூண்டது. 1859-இல்தான் மேலாடை அணியும் உரிமையை அரசர் ஆணை ஓரளவு ஒப்புக்கொண்டது. தம் கையால் ஈட்டிய காசில் துணி வாங்கி உடுத்திய பெண், பிறர் இரங்கித் தந்த துணியை உடுத்தியவள் அல்லள். இவ்வேறுபாட்டை அவளும் அறிந்திருந்தாள். அவளைத் தெருவில் மறித்தவர்களும் அறிந்திருந்தனர். நம் திருச்சபை வரலாற்று நூல்கள் லேஸ் தொழிலை அம்மையார்களின் கைவேலை என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இது பெரும் அநீதி என்பது எமது கருத்து. தென்கோடியில் பெண்ணுக்குப் பணக்கூலி கொடுத்த ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று அது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-இல் இராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். தேரிமணலின் நடுவே பெண்பள்ளியும் விடுதியும் அமைத்த அவர், தாயிடம் கற்ற லேஸ் வேலையை அங்கும் கற்பித்தார். ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞரின் துணைவியார் என்று மட்டும் நாம் அவரை அறிந்திருக்கிறோம். இடையன்குடிப் பெண்களோ அவரைத் தங்களுக்கு வரும்படி உண்டாக்கியவராகவும் அறிந்திருப்பார்கள்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். இந்த லேஸை வாங்கியவர் யார்? இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியரும், இங்கிலாந்தில் மிஷனை ஆதரித்த குடும்பங்களும். இடையன்குடிப் பெண் தான் பின்னியதைத் தன் சந்தையில் விற்க முடியாது. அவள் உறவில் எவரும் அதை அணிவதில்லை. எந்த வடிவம் பின்னவேண்டும், எந்த விலைக்குப் போகும், யாருக்கு எழுதி விற்கவேண்டும் என்பன யாவும் மிஷன் வீட்டு மேசையில் முடிவாயின. நாட்டிங்ஹாம் ஆலைகளில் இயந்திர லேஸ் மலிவாகப் பெருகிய பிறகும் கைப்பின்னலை வாங்கியவர்கள், பொருளின் தேவைக்காக மட்டுமன்றி மிஷனின்மேல் வைத்த அன்பினாலும் வாங்கினார்கள். அவ்வன்பு நற்குணமே, ஆயினும் அது கைமாறிக் கொடுக்கத்தக்க முதலன்று. அம்மையார் ஊருக்குத் திரும்பும்போது அவருடைய நண்பர்களின் முகவரிகளும் அவரோடு கப்பலேறின. தென்திருவிதாங்கூரில் பின்னலும் பூவேலையும் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன எனினும், மிஷனெரிப் பெண்கள் இருந்த இடங்களில் செழித்து, அவர்கள் இல்லாத இடங்களில் மெலிந்தன.

இனி நாசரேத். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை அறியாதவர் இலர். 1877-இல் இலண்டன் மேயர் திறந்த மாளிகை நிதிக்குப் பிரிட்டனிலிருந்தும் அதன் குடியேற்ற நாடுகளிலிருந்தும் பல லட்சம் பவுன் திரண்டு வந்தது. சென்னையில் வில்லியம் டிக்பி செயலராயிருந்த குழு அதைப் பங்கிட்டது. கஞ்சித் தொட்டிகளுக்கு அரசு பொறுப்பேற்றிருந்ததால், இந்நிதியில் பெரும்பகுதி விதைநெல்லுக்கும் உழவுமாட்டுக்கும் கூரைக்கும் தொழிற்கருவிக்கும் செலவாயிற்று. பசி தணிந்தபின் மனிதன் எதைக்கொண்டு பிழைப்பான் என்று கேட்ட அந்நிய நிதி இதுவே முதல் பெருநிதி எனலாம். லங்காஷயர் ஆலை ஊர்களும் இதற்குக் கொடுத்தன என்பது சிந்திக்கத்தக்கது. அவர்களுடைய துணியினால் நலிந்த நெசவாளரும் பஞ்சத்தில் அடிபட்டவர்களுள் இருந்தனரன்றோ!

பஞ்சம் விட்டுச் சென்ற அநாதைப் பிள்ளைகளை நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனெரியாயிருந்த ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக்கொண்டார். சோறு போட்டு வளர்த்தால் போதாது, கையில் ஒரு தொழில் வேண்டும் என்று கருதி 1878-இல் அங்கே கலைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு, கொல்லுவேலை, நெசவு, தையல் முதலியன கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்து நண்பர்களின் கொடையோடு அரசு மானியத்தையும் அவர் விடாமல் கேட்டு வாங்கினார். மானியம் வேண்டுமானால் அரசின் தேர்வுக்கு மாணவரை அனுப்பவேண்டும். தேர்வு உண்டானால் சான்றிதழ் உண்டு. சான்றிதழோ மிஷன் எல்லைக்கு அப்பாலும் செல்லும். நாசரேத் பையன் கற்ற தச்சுவேலைக்கு இலண்டன் நண்பர் தேவையில்லை. கதவும் கட்டிலும் வண்டிச் சக்கரமும் எந்த ஊரிலும் வேண்டும். மர்காஷிஸ் 1908-இல் காலமானார், பள்ளி நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அரசு ஏற்ற தொழிற்பயிற்சி நிலையமாக அது வளர்ந்தது.

இதிலும் ஒரு குறை உண்டு. அக்காலத்து நாசரேத் சேகரத்தில் பெரும்பாலோர் பனையையே நம்பி வாழ்ந்தவர்கள். பனையேறியின் உயிராபத்தைக் குறைக்கவோ, பதநீரையும் கருப்பட்டியையும் நல்ல விலைக்கு விற்கவோ தொழிற்பள்ளிகள் வழிகாட்டியதாகச் சொல்வதற்கில்லை. பனையை விட்டுப் போகவே அவை வழிகாட்டின. பிள்ளைகளும் அதையே விரும்பினார்கள். ஆகவே குற்றம் சாட்டுவதற்கு யாம் முற்படவில்லை, நடந்ததைக் குறிக்கிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், மலையாளக் கரையிலும் கன்னடக் கரையிலும், பேசல் மிஷன் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஜெர்மானியரும் சுவிஸ் நாட்டவரும் 1834-இல் மங்களூரில் தொடங்கிய இம்மிஷனில், கிறிஸ்தவராகித் தம் சாதித்தொழிலையும் உறவையும் இழந்தவர்களுக்கு வேலை தருவது உடனடிக் கடமையாயிற்று. நெசவாலை எழுந்தது, ஹாலர் என்பவர் அங்கே காக்கிச் சாயத்தை உருவாக்கினார் என்பர். 1865-இல் ஜியார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத்தொழிற்சாலையை நிறுவினார். மங்களூர் ஓடு என்று நாம் வழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததே. 1904-இல் செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லத்துக்கு இரயில் திறக்கப்பட்ட இந்தப் பகுதியிலும் நாட்டோட்டின் இடத்தை அது பிடித்தது. 1859-இல் அமைந்த மிஷன் வியாபாரக் கம்பெனி, பேசல் நகரத்துப் பங்குதாரரின் முதலைக்கொண்டு ஆலைகளை நடத்தியது. கூலி ஒழுங்காக வந்தது, சேமிப்பு நிதி இருந்தது, பொருளும் உறுதியாயிருந்தது. லேஸைப்போல் அன்புக்காக வாங்கவேண்டிய பொருளன்று ஓடு.

இத்தனை உறுதியும் 1914-இல் ஒரே அடியில் ஆட்டங்கண்டது. முதல் உலகப்போர் மூண்டவுடன் ஜெர்மானிய மிஷனெரிகள் சிறைவைக்கப்பட்டனர். ஆலைகள் எதிரிச் சொத்தென்று அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டு, போரின்பின் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்குச் சென்றன. தலைமுறை தலைமுறையாக அவ்வாலைகளில் உழைத்த சபையார் இம்மாற்றத்தில் கையொப்பமிடவேண்டிய ஓர் இடங்கூட இருக்கவில்லை. அவர்கள் தொழிலாளரும் சபை அங்கத்தினருமாயிருந்தனரேயன்றிப் பங்குதாரராயிருக்கவில்லை. சம்பளம் கொடுப்பவரும் திருவிருந்து கொடுப்பவரும் ஒரே மிஷனாயிருந்ததன் சிக்கலை, அது நீங்கின நாளில்தான் அச்சபைகள் முழுதும் உணர்ந்தன.

மீண்டும் சிற்றாற்றங்கரைக்கு வருவோம். தென்காசிக்கு வடக்கே கடையநல்லூர், புளியங்குடி முதலிய ஊர்கள் நெசவால் வாழ்ந்தவை. கடையநல்லூர் நெசவாளருள் இசுலாமியர் மிகுதி. மிஷன் தொழிற்பள்ளி ஒன்றும் இவர்களுக்கென எழவில்லை. தறி சோறு போடாத நிலையில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கூலிகளாகச் சென்றார்கள். சென்ற இடத்தில் 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் கூட்டினார்கள். போர் ஓய்ந்ததும் 1946-இல் சிங்கப்பூரில் உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப்பள்ளி நிறுவினார்கள். அங்கிருந்து மாதந்தோறும் வந்த பணம் கடையநல்லூரில் வீடுகளாகவும் கல்யாணச் செலவாகவும் பள்ளிக்கட்டணமாகவும் மாறிற்று. இதுவும் அயல்நாட்டுப் பணமே. இதற்குத் திட்ட அறிக்கை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, மூன்றாண்டுக் கெடு இல்லை. அனுப்பியவர் உழைத்தார், பெற்றவர் முடிவுசெய்தார். எனினும் குடும்பத்தைப் பிரிந்து இருபது முப்பது ஆண்டு கடல் கடந்து கிடந்த ஆடவரின் வாழ்வு இதன் விலை என்பதை மறைக்கலாகாது. நம் இறையியல் கல்வியில் மிஷன் பணத்தைப்பற்றிப் பல பக்கங்கள் உண்டு. இப்பணத்தைப்பற்றி ஒரு பக்கமும் நாம் கண்டதில்லை.

நெல்லைச் சபைகளுக்குத் தங்கள் பணத்தைத் தாங்களே திரட்டத் தெரியாமலில்லை. ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல், தர்ம சங்கம் ஒன்று ஏற்பட்டு, துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைத்தது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை நம் வீடுகளில் நெடுங்காலம் நிலைத்த பழக்கம். 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், அந்நியப் பணம் ஒரு காசும் கலவாமல் தெலுங்கு நாட்டில் டோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பிற்று. நற்செய்திப் பணிக்கு இவ்வாறு தன்காலில் நின்ற சபை, தொழில் முயற்சிக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? பனைமரக் குடிகளிடம் முதல் இல்லை என்று விடை சொல்வது எளிது. பிடியரிசி கொடுத்தவர்களும் அதே குடிகள்தாமே! தொழில் என்பது மிஷனின் காரியம், அதன் கணக்கு பங்களாவில் இருக்கும், ஆதாயமும் நட்டமும் ஐயருடையவை என்று சபையார் வழிவழியாகக் கண்டிருந்தனர். ஊழியத்தின் கணக்கு சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. தொழிலின் கணக்கு வாசிக்கப்படவில்லை. கொடுத்தவர் யார் என்பதைக் காட்டிலும், கணக்கேடும் சந்தையும் யார் கையில் இருந்தன என்பதே ஒரு தொழிலின் ஆயுளை நிர்ணயித்தது என்று நாம் கருதுவதற்கு இதுவே முதன்மையான சான்று.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்று 1920-களில் மார்த்தாண்டத்தில் கிடைக்கிறது. சேலத்தில் பிறந்து இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலரான கே. டி. பால், கிராமப் புனருத்தாரணப் பணியை அவ்வியக்கத்தின் தலைமை வேலைகளுள் ஒன்றாக்கினார். மார்த்தாண்டத்தில் அப்பணியை ஏற்ற அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், வெளிநாட்டுப் பணத்தை முதலாக இறக்காமல் அறிவுரைக்கும் செய்துகாட்டலுக்கும் மட்டும் பயன்படுத்த முயன்றார். உள்ளூர்த் தச்சன் குறைந்த செலவில் செய்யத்தக்க தேன்பெட்டி, நல்லினக் கோழி, முட்டைகளைத் தரம் பிரித்து ஒன்றுசேர்த்து விற்கும் கூட்டுறவு என்று அப்பணி வளர்ந்தது. பெட்டி உழவனுடையது, தேனீ அவன் தோப்பினுடையது, சங்கம் அவனும் பிறரும் கூடியது. ஹாட்ச் போய் எண்பது ஆண்டுக்கு மேலாகியும் மார்த்தாண்டம் தேன் கடைகளில் அப்பெயராலேயே கேட்டு வாங்கப்படுகிறது.

விடுதலைக்குப்பின் காட்சி மாறிற்று. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. மிஷன் சங்கங்களின் இடத்தில் சபைகளுக்கிடையான உதவி நிறுவனங்கள் வந்தன. ஜெர்மனியின் 'உலகுக்கு அப்பம்' இயக்கம் 1959-இல் பிறந்தது. அதே ஆண்டளவில் சுவிஸ் சபைகளின் ஹெக்ஸ் நிறுவனம், தலைச்சேரியை அடுத்த நெட்டூரில், ஒருகாலத்தில் குண்டர்ட் ஐயர் வாழ்ந்த பேசல் மிஷன் வளாகத்தில், கருவி செய்யும் நுண்தொழிலுக்கான பயிற்சி நிலையத்தைத் தொடங்கிற்று. அது பின்னர் இந்திய அறக்கட்டளையாகி இந்நாட்டு ஆலைகள் தேடிவரும் பயிற்சிக்கூடமாயிற்று. இதுபோன்ற வெற்றிகள் மிகச் சில. சேகரங்களில் பரவியவையோ சிறு திட்டங்கள்: தையல் நிலையம், கோழிப்பண்ணை, தட்டச்சுப் பள்ளி. நாம் நேரில் அறிந்த ஒரு சேகரத்தில் பத்துத் தையல் இயந்திரங்கள் ஆரவாரத்தோடு வந்திறங்கின. பயிற்சி முடிந்த பெண்களுக்குச் சான்றிதழும் கிடைத்தது. தைத்த உடைகளை யார் வாங்குவார் என்று ஒருவரும் முன்னதாகக் கேட்கவில்லை. கேட்காதவர்களுள் நாமும் அடங்குவோம். மூன்றாண்டு நிதி முடிந்தது. இயந்திரங்கள் ஆலயத்தின் பின்னறையில் பூட்டப்பட்டன. பெண்கள் பீடிமுறத்துக்குத் திரும்பினார்கள்.

பீடிமுறத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தென்காசியின் தொழிலைப்பற்றி எழுதுவது பொய்யெழுத்தாகும். ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் வட்டாரங்களில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது நாம் நாளும் காணும் காட்சி. கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். சுற்றிய கட்டுகளைத் திரும்பக் கொண்டுபோனால் கழிவு பார்த்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி போடுவார்கள். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976-ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டமும் சில பாதுகாப்புகளைத் தந்தன. இதை லேஸ் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நமக்கு ஒரு திடுக்கீடு உண்டாகிறது. மூலப்பொருளை ஒருவர் கொடுக்கிறார், வீட்டிலிருந்து பெண் உழைக்கிறாள், பொருளை ஏற்பதும் தள்ளுவதும் விலை வைப்பதும் கொடுத்தவரே. ஒன்று பரிவோடு நடந்தது. மற்றது இலாபத்துக்காக நடக்கிறது. பின்னியவளும் சுற்றுகிறவளும் அமர்ந்திருக்கும் இடமோ ஒன்றே.

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010-இல் அது புதிதாக இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்ற நிதியைப் பிற அமைப்புகளுக்குப் பங்கிடுவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பை நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைத்தது. எல்லா நிதியும் புதுதில்லியிலுள்ள ஒரே வங்கிக்கிளையின் வழியே வரவேண்டும் என்றது. பேராயத்தின் வழியே சிறு சேகரங்களுக்குச் சென்ற ஓடை இதனால் வற்றிற்று. இதைத் துன்பமென்று மட்டும் நம்மவர் பேசுகின்றனர். பேசல் மிஷன் ஆலைத் தொழிலாளர் 1914-இல் கற்றதை நாம் 2020-இல் கற்றோம் என்றும் சொல்லலாம்.

அதற்கிடையில் அரசே அயல்நாட்டு நிதியைக் கடனாகப் பெற்று வேறு முறையைக் கையாண்டது. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், பெண்கள் முதலில் தங்கள் சிறுசேமிப்பைக் குழுவாகச் சேர்க்கவேண்டும், கணக்கைத் தாங்களே எழுதவேண்டும், அதன்பின்னரே வங்கிக் கடன் என்று விதித்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழு என இன்று ஊர்தோறும் காணும் அமைப்பின் தமிழ்நாட்டுத் தொடக்கம் அதுவே. பிற்காலத்தில் உலக வங்கிக் கடனோடு நடந்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம், குழுக்களிலிருந்து சிறுதொழில் முனைவோரை உருவாக்க முயன்றது. பிடியரிசிப் பானையை ஆலயத்துக்குச் சுமந்த பெண்களின் பேத்திமார், குழுவின் கணக்கேட்டை வங்கிக்கு எடுத்துச் செல்கிறார்கள். நாம் அவர்கள் கையில் கொடுக்கத் தயங்கிய ஏடு அது.

தென்காசிக்கு அண்மையிலேயே மற்றொரு பாடமும் உண்டு. கடற்படைத் தேர்வில் முதுகெலும்பு முறிந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராமகிருஷ்ணன், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது மாற்றுத்திறனாளிகளின் கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகியவற்றைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் பெரும் நிறுவனமாயிருக்கிறது. கனடா முதலிய நாடுகளிலிருந்து உதவி வருகிறது. வருகிற உதவியை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் சக்கரநாற்காலியில் அமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இது திருச்சபை நடத்தும் நிறுவனமன்று. நம் மாணவர் களப்பணிக்கு எங்கெங்கோ செல்கின்றனர். ஆய்க்குடிக்கும் சென்று சில நாள் தங்கிவருவது நலம்.

இவ்வரலாற்றை எழுத முற்பட்டபோது நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மிஷனெரிகளின் நூல்களும் ஆண்டறிக்கைகளுமே. கொடுத்தவர் எழுதியவை அவை. பெற்றவர் எழுதியவை சேகரப் பதிவேடுகளிலும் பிடியரிசிக் கணக்கிலும் பழைய குடும்பங்களின் பெட்டிகளிலும் கறையான் வாயில் இருக்கின்றன. சுரண்டை, நல்லூர் வட்டாரத்துப் போதகர்கள் இத்தகைய ஏடுகளைக் கண்டால் எடைக்குப் போடாமல் நம் கல்லூரி நூலகத்துக்கு எழுதுவார்களாக. லேஸ் கற்ற கடைசித் தலைமுறையினர் சிலர் முதுமையில் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களிடம் கூலி எவ்வளவு, கணக்கை யார் எழுதினார் என்னும் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி மாணவரை வேண்டுகிறோம்.